பாகுக்காரர் சொன்ன இனிக்குது

மருந்துக் கம்பெனியின் சம்பளச் சீட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. வாசல் காவலாளி முதல் மாடியில் உட்காரும் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் பாகுக்காரர்தான். குழந்தைகளுக்கான இருமல் மருந்து செய்கிற சின்னக் கம்பெனி அது. மொத்தம் நாற்பது பேர் வேலை. மருந்து என்றால் கசப்பு. அந்தக் கசப்பை ஒரு குழந்தையின் வாயில் சத்தமில்லாமல் இறங்க வைக்கிற சர்க்கரைப் பாகைக் காய்ச்சுவது அவர் பொறுப்பு.

காலை ஆறரைக்கு வந்துவிடுவார். வெள்ளை ஓடு பதித்த அறை, ஆள் உயரத்துக்கு ஒரு கொப்பரை, அடியில் ஆவி ஓடும் குழாய். சர்க்கரை மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது எழும் தூசு புருவத்தில் படியும். மதியத்துக்குள் அது வியர்வையில் கரைந்து கழுத்தில் பிசுபிசுக்கும். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழும்போது சட்டை ஒட்டிக்கொண்டு கூடவே வரும். வீட்டு வாசலில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து, அதன் மேல்தான் அவர் செருப்பை வைப்பாள் மனைவி. இல்லாவிட்டால் விடிவதற்குள் எறும்பு சாரை கட்டிவிடும்.

“ஊர்ல புருஷன் வந்தா பிள்ளைங்க ஓடி வரும். எங்க வீட்ல எறும்புதான் வரும்” என்பாள்.

கொப்பரையைக் கிண்ட யாரை வேண்டுமானாலும் பழக்கிவிடலாம். பாகுக்காரரின் மதிப்பு வேறொன்றில் இருந்தது. பாகையும் மருந்தையும் ஆரஞ்சு எசன்ஸையும் கலந்து முடித்ததும், கெமிஸ்ட் ரிஜிஸ்டரோடு வந்து நிற்பார். கெட்டி எவ்வளவு, நிறம் எப்படி என்பதையெல்லாம் மெஷினே சொல்லிவிடும். கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். பாகுக்காரர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, விரலை மடக்கி மடக்கிப் பத்து எண்ணுவார். பிறகு ஒரே சொல். “இனிக்குது.” அதைக் கேட்டுத்தான் கெமிஸ்ட் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் பாட்டில்களில் மருந்து இறங்கும்.

பத்து எண்ணும் வழக்கம் இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. அப்போது அவர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். சுவை பார்ப்பது அன்றைய மேனேஜரின் வேலை. அவர் ஒரு கரண்டியை மடக்கென்று குடித்துவிட்டு, “பிரமாதம்” என்று சொல்லிப் போய்விடுவார். அந்தச் சமயம் பாகுக்காரரின் மூன்று வயது மகளுக்கு இருமல். கம்பெனி மருந்தைக் கையோடு வாங்கிவந்து கொடுத்தார். பிள்ளை வாயில் வைத்தபடியே அப்பாவைப் பார்த்தது. விழுங்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, திடீரென்று முகம் கோணி, அவர் சட்டை மேலேயே துப்பியது. மூன்று தடவையும் அப்படித்தான். நாலாவது தடவை அவர் தானே ஒரு வாய் எடுத்து விழுங்காமல் வைத்துப் பார்த்தார். முதலில் இனித்தது. ஏழு எண்ணும்போது அடிநாக்கில் கசப்பு ஏறியது.

மறுநாள் மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

“ஐயா, நீங்க உடனே முழுங்கிடுறீங்க. பிள்ளைங்க முழுங்காது. வாயிலயே வச்சுக்கிட்டு நம்ம மூஞ்சியப் பாக்கும். கசப்பு ஏழுல வருது. ஏழு வரைக்கும் இருந்தா போதாது, இனிப்பு பத்து வரைக்கும் நிக்கணும்.”

மேனேஜருக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் எண்ணிப் பார்த்தார். ஏழில் அவர் முகமும் கோணியது. அன்றிலிருந்து கடைசிக் கட்டம் பாகுக்காரருடையது. அதற்குப் பிறகு இரண்டு மேனேஜர், நாலு கெமிஸ்ட் மாறிவிட்டார்கள். அவர் “இன்னும் இல்ல” என்று சொன்ன நாளெல்லாம் கலவையைத் திரும்பக் கொப்பரையில் ஏற்றிப் பாகு சேர்த்துத்தான் ஆகவேண்டும்.

மற்றபடி அவர் வாயிலிருந்து இனிப்பாக எதுவும் வந்ததில்லை. விசேஷத்துக்குக் கூப்பிட்டால், “வர்றேன்னு சொல்ல மாட்டேன், வந்தா வந்தேன்” என்பார். மனைவி புதுப்புடவை கட்டிக்கொண்டு எதிரில் நின்றால், “கலர் கொஞ்சம் கண்ணக் குத்துது” என்பார். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே திருப்பிக் கொடுப்பாள்.

“நாள் முழுக்க சர்க்கரைக்குள்ள நிக்கிற மனுஷன். வாயத் தொறந்தா வேப்பெண்ணெ.”

இதற்கு நேர்மாறாக ஒரு மருமகன் வாய்த்தான். மெத்தைக் கடையில் விற்பனையாளன். கடைக்கு வந்தவர்களை உட்கார வைத்துப் பேசியே பாதித் தூக்கத்துக்குக் கொண்டுபோய்விடுவான் என்று அவன் முதலாளியே சொல்வார். வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுத்தான். அத்தை போட்ட டீ அமிர்தம், மாமா வாங்கிய மீன் கடலே வந்து கொடுத்தது. பாகுக்காரருக்கு இந்த இனிக்க இனிக்கப் பேசும் பேச்சு ஒத்துக்கொள்ளாது. அவன் பேச ஆரம்பித்தாலே பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார்.

“மாப்ள பேச்சு மூணு எண்ணுற வரைக்கும்தான் நிக்கும்” என்று மனைவியிடம் சொல்வார்.

“உங்க பேச்சு ஒண்ணுலயே கசக்குதே, அதுக்கென்ன பண்றது?” என்பாள் அவள்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. மகளும் குழந்தையும் இவர் வீட்டில்தான் இருந்தார்கள். மருமகன் கடை முடிந்து தினமும் வந்துபோனான். பாகுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவுவார். பிறகு குழந்தையின் உள்ளங்காலில் ஒரு விரலை வைப்பார். அது சடக்கென்று காலை இழுத்துக்கொள்ளும். திரும்பவும் வைப்பார். இதிலேயே ஒரு மணி நேரம் போகும். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவர் யாரையும் எதுவும் சொன்னதில்லை. மருமகன் பேசினாலும் பேப்பரைத் தேடவில்லை.

அப்போதுதான் காய்ச்சல் வந்தது. சளி, தலைவலி, நாலு நாள் படுக்கை. குழந்தை இருக்கும் அறைப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“சர்க்கரை போடலையா?”

“ரெண்டு கரண்டி போட்டேன்.”

“போட்ட மாதிரி இல்லையே.”

“ஆமா, நாலு நாள் பொண்ணுக்கும் பார்த்து, பேத்திக்கும் பார்த்து, உங்களுக்கும் கஞ்சி காய்ச்சி ஊத்தினேன்ல. இப்ப நான் போட்டா கசக்கத்தான் செய்யும்.”

அவள் போனதும் எழுந்து சமையல் கட்டுக்குப் போனார். சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். மணல் மாதிரி நறநறவென்று கரைந்தது. அவ்வளவுதான். ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக்கொண்டார். அதுவும் மணல். உப்பை எடுத்து வைத்தார். உப்பு கரித்தது. எலுமிச்சையைப் பிழிந்தார். புளித்தது. மிளகு காரமாக இருந்தது. சர்க்கரைக்கு மட்டும் நாக்கு செத்துப்போயிருந்தது. டப்பாவை மூடி, சிந்தியதைத் துடைத்துவிட்டு வெளியே வந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. வேலை போய்விடாது, கொப்பரை கிண்டலாம், மூட்டை எண்ணலாம். ஆனால் ரிஜிஸ்டரின் கடைசிக் கட்டம் போய்விடும். அது போனால் தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்றே ஒரு பெரிய பேட்ச். எண்ணூறு லிட்டர். ஆரஞ்சு எசன்ஸ் வழக்கமாகத் தருகிறவரிடமிருந்து வரவில்லை. வேறு கம்பெனியின் நீலநிற டிரம் வந்திருந்தது. அளவு அதே அளவுதான் என்று காகிதத்தில் இருந்தது. அவரும் அதே அளவைத்தான் ஊற்றினார். பதினொரு மணிக்குக் கெமிஸ்ட் வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் சேர்ந்த இளம்பெண். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பாள்.

“உடம்பு தேவலையா அண்ணே?”

“தேவல கெமிஸ்டம்மா.”

கரண்டியை வாயில் வைத்தார். கண்ணை மூடினார். ஒன்று, இரண்டு. ஒன்றும் இல்லை. நாலு. ஒன்றும் இல்லை. ஐந்தில் கசப்பு வந்தது. எப்போதும் வருகிற கசப்புத்தானா, இனிப்பு தெரியாத நாக்கில் முந்திக்கொண்டு வந்ததா? அதன்மேல் இனிப்பு மூடியிருக்கிறதா, மூடவில்லையா? பாதித் தராசை வைத்துக்கொண்டு எடை போடுவது மாதிரி இருந்தது. பத்து வரை எண்ணினார். பத்துக்குப் பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

“அண்ணே?”

“இனிக்குது” என்றார்.

கெமிஸ்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். “நாளைக்குக் காலையில பாட்டில்ல இறக்கிடலாம்” என்று சொல்லிப் போனாள்.

இருபத்துமூன்று வருஷமாக அதே பாகு, அதே அளவு, கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று மத்தியானம் வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மத்தியானத்துக்கு மேல் அந்த நீல டிரம் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. கிளம்பும் முன் ஒரு காலி மருந்து பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார். வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்கள். வாசலில் காவலாளி பையைப் பார்க்கவில்லை. பாகுக்காரர் பையை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

வீட்டில் மகள் குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாள். மருமகன் அப்போதுதான் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“மாப்ள, இத ஒரு வாய் குடிச்சுப் பாருங்க.”

மாமனார் தன்னிடம் ஏதாவது கேட்பது அதுவே முதல் தடவை. மருமகனுக்கு வாயெல்லாம் பல். வாங்கி ஒரே மடக்கில் விழுங்கினான்.

“தேன் மாமா! இருமல் இல்லாதவங்களுக்கே இருமல் வரணும்போல இருக்கு.”

“முழுங்கக் கூடாது. வாயிலயே வச்சிருக்கணும். நான் பத்து எண்ணுறேன்.”

இரண்டாவது கரண்டி ஊற்றினார். எண்ணினார். நாலு வரை மருமகன் சிரித்த முகமாக இருந்தான். ஐந்தில் சிரிப்பு நின்றது. ஆறில் கண்ணில் தண்ணீர் கட்டியது. ஏழில் அவன் முகம் அஷ்டகோணலாகி, இரண்டு கையும் நாற்காலிப் பிடியைப் பிடித்தன. இருந்தும் பத்து வரை வைத்திருந்து விழுங்கிவிட்டு, “ரொம்ப இனிக்குது மாமா” என்றான்.

பாகுக்காரர் கரண்டியை மேசையில் வைத்தார்.

“என் நாக்குல இனிப்பு போயிடுச்சு மாப்ள. காய்ச்சலோட போயிடுச்சு. எனக்குத் தெரியல, அதான் உங்களக் கேக்குறேன். நாளைக்கு இது பாட்டில்ல எறங்கப்போகுது. இனிக்குதா?”

மனைவியின் தையல் மெஷின் நின்றது. மகள் நடப்பதை நிறுத்தினாள். மருமகன் மாமனாரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பிறகு மெல்லச் சொன்னான்.

“கசக்குது மாமா. அஞ்சுலயே வந்துடுச்சு. ஏழுக்கு மேல தாங்கல.”

“அத முதல்லயே சொன்னா என்ன?”

“உங்ககிட்ட எது சொன்னாலும் பேப்பர எடுக்குறீங்க. நல்லதச் சொன்னாலே அப்படி. கெட்டதச் சொன்னா வீட்டுக்குள்ளயே விடமாட்டீங்கன்னு நெனச்சேன்.”

பாகுக்காரரின் மனைவி பக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து பாட்டிலை எடுத்து முகர்ந்தாள். “அன்னிக்கு டீயில சர்க்கரை இல்லைன்னீங்களே, இதுதானா? வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

“சொன்னா என்ன பண்ணியிருப்ப?”

“மூணாவது கரண்டி போட்டுப் பார்த்திருப்பேன்.”

மருமகனுக்கு அதற்குள் தொழில் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“மாமா, இதுல ஒரு வழி இருக்கு. நாக்கப் பத்தி ஏன் பேசணும்? எசன்ஸ் புதுசு, சரியில்ல. அத மட்டும் சொல்லுங்க. ‘ராத்திரி பூரா யோசிச்சேன், மனசுக்குத் திருப்தியா இல்ல, நிறுத்துங்க’ன்னு சொல்லுங்க. பொய்யும் இல்ல, உங்க பேரும் கெடாது. இன்னும் ரெண்டு மடங்கு மதிப்பு ஏறும்.”

பாகுக்காரர் யோசித்துப் பார்த்தார். சொன்னதில் ஒரு ஓட்டை கூட இல்லை.

“நல்லாத்தான் இருக்கு” என்றார்.

“அடுத்த பேட்சுக்கு?” என்று கேட்டாள் மகள். “அப்பவும் இவர் வந்து நாற்காலியில உட்காரணுமாப்பா?”

குழந்தை சிணுங்கியது. மகள் திரும்ப நடக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் ஆறரைக்குப் போகும்போது மருமகன் சொல்லிக்கொடுத்தபடி சொல்வது என்றுதான் போனார். பஸ்ஸில் இரண்டு முறை மனசுக்குள் ஒத்திகையும் பார்த்தார். கெமிஸ்ட் வந்ததும் ஆரம்பித்தார்.

“கெமிஸ்டம்மா, அந்தப் புது எசன்ஸ் சரியில்ல. பேட்ச நிறுத்திடுங்க.”

“நேத்து இனிக்குதுன்னீங்களே அண்ணே?”

“ராத்திரி பூரா யோசிச்சேன்…”

“யோசிச்சா எப்படிண்ணே தெரியும்? வாயில வச்சதும் நீங்கதானே?”

அவள் அவரை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. முகத்தை நிமிர்த்தி, பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். மருமகன் கொடுத்த வாக்கியம் அதோடு தீர்ந்துபோயிருந்தது.

“வாயில வச்சேன். எனக்கு எதுவும் தெரியல. ஒரு வாரமா எனக்கு இனிப்பு தெரியலம்மா. தெரியாமத்தான் சொன்னேன். நேத்து நான் சொன்னது பொய்.”

அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். அவர் எண்ணினார். ஆறில் அவள் தொட்டிக்கு ஓடினாள்.

விஷயம் கேட்டு மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். திட்டுவார் என்று பாகுக்காரர் எதிர்பார்த்தார். மேனேஜரோ தோளில் கை போட்டார்.

“பாகுக்காரரே, காய்ச்சல்னா நாக்கு அப்படித்தான் இருக்கும். பத்து நாள்ல சரியாயிடும். இத ஏன் பெருசு பண்றீங்க? நீங்க இனிக்குதுன்னு சொல்லியாச்சு, எழுதியாச்சு. மருந்துல குத்தம் இல்லையே? சுவைதானே? இந்த ஒரு பேட்ச் போகட்டும். உங்களுக்கும் கௌரவம், எனக்கும் நிம்மதி.”

பேச்சு அவ்வளவு இதமாக இருந்தது. மேனேஜர் இப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லை.

“பிள்ளைங்க துப்பிடும் சார்” என்றார். “துப்பினா மருந்து உள்ள போகாது. இருமல் நிக்காது. அதுக்கு நாம பாட்டில்ல தண்ணியே ஊத்திக் கொடுக்கலாம்.”

மேனேஜர் தோளிலிருந்து கையை எடுத்தார். “அப்ப இனிமே உங்கள எப்படி நம்புறது?”

“அதான் சார் நானும் சொல்றேன். நம்பாதீங்க.”

கெமிஸ்ட் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்தாள். எழுதியது அவள் என்றாலும், சொன்னது அவர். அடிக்கிறதையும் அவரே அடிக்கட்டும் என்று பேனாவைக் கொடுத்தாள். இருபத்துமூன்று வருஷத்தில் அந்த ரிஜிஸ்டரை அவர் தொட்டதில்லை. பேனாவைக் கரண்டி மாதிரி பிடித்து, தன் சொல்லின் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோடு கோணலாகப் போய்ப் பக்கத்துக் கட்டத்தையும் தொட்டது. பக்கத்தில் பெயரை எழுதச் சொன்னாள். எழுதினார். கெமிஸ்ட் அதை எட்டிப் படித்துவிட்டு, “இதுதானாண்ணே உங்க பேரு?” என்றாள்.

எண்ணூறு லிட்டரையும் திரும்ப ஏற்றி, பழைய எசன்ஸ் வரவழைத்து, சரிசெய்ய மூன்று நாள் பிடித்தது. பாகு அவர்தான் காய்ச்சினார். சுவை பார்க்க லேபிள் ஒட்டும் மேசையிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். யாரைப் போடலாம் என்று கெமிஸ்ட் கேட்டபோது அவரே கைகாட்டிய ஆள். அவளுக்கு அங்கே கடுகடுப்பு என்று பட்டப்பெயர். கேன்டீன் சாப்பாட்டை ஒருநாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை.

“எனக்கு எதுவும் லேசுல இனிக்காது அண்ணே. அப்புறம் என்னத் திட்டக் கூடாது” என்றாள் அவள்.

“அதுக்குத்தான் கூப்பிட்டேன்” என்றார்.

முதல் மாதத்திலேயே அவள் இரண்டு பேட்சைத் திருப்பினாள். மேனேஜர் பல்லைக் கடித்தார். பாகுக்காரர் மூட்டையைப் பிரித்தார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள், வழக்கம்போல் கொப்பரை விளிம்பில் வழிந்ததை வழித்து நாக்கில் வைத்தார். எங்கேயோ தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது மாதிரி, இனிப்பு தெரிந்தது. திரும்பவும் வைத்துப் பார்த்தார். தெரிந்தது. அன்றைய கலவையில் ஒரு கரண்டி எடுத்து, யாரும் பார்க்காதபோது, கண்ணை மூடி எண்ணினார். பத்து வரை நின்றது. நன்றாகவே நின்றது என்று பட்டது.

சற்று நேரத்தில் கடுகடுப்பு வந்தாள், கூடவே ரிஜிஸ்டரோடு கெமிஸ்ட். அவள் கரண்டியை வாயில் வைத்து விரலை மடக்கினாள். எட்டில் புருவம் சுருங்கியது.

“இன்னும் இல்லண்ணே. ஏத்துங்க.”

கெமிஸ்ட் அவரைப் பார்த்தாள். “நீங்க என்ன சொல்றீங்கண்ணே? நாக்கு ஏதாவது தேவலையா?”

அவர் கொஞ்சம் யோசித்தார்.

“அவ சொன்னா சரிதாம்மா” என்று சொல்லிவிட்டு ஆவிக் குழாயைத் திறந்தார்.